வெள்ளம் திரும்பிப் போகும் வழி

பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிடும் மழைக்காலங்களில், எங்கள் ஆற்றங்கரை ஊரின் தாழ்ந்த தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதற்கு ஒரு வழி செய்யும் நகராட்சி வேலை எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு என்றால், எனக்கும் என்னோடு கட்டடக்கலை படித்த நண்பனுக்கும். சேர்ந்து ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்தோம்.

வெறும் சுவர் கட்டி வெள்ளத்தை நிறுத்த முடியாது என்று இருவருமே நம்பினோம். அதனால் கரையில் அகலமான படிகள், அவற்றுக்கு மேலே தூண்களில் நிற்கும் சமுதாயக்கூடம் என்று வரைந்தோம். கூடத்தின் கீழ்த்தளம் காலியாக இருக்கும். தெருவுக்குள் வந்த தண்ணீர் அதன் வழியே ஆற்றுக்கு இறங்கிவிடும். படிகளுக்காகத் தெருக்காரர்கள் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் இடம் விடவேண்டியிருந்தது. யாரும் சம்மதிக்கவில்லை. தையல்கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் வரைபடத்தை விரித்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விளக்கினேன். அவர்தான் முதலில் சம்மதித்தார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள்.

வேலை தொடங்கும் சமயம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. நான் அவரோடு திருவனந்தபுரத்தில் இருந்தேன். நண்பன் ஆஸ்பத்திரிக்கே வந்தான். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெடுநேரம் ஆறுதலாகப் பேசினான். கிளம்பும்போது ஒரு கட்டுத் தாளை நீட்டினான்.

“பழைய டிராயிங்தான் ஏட்டி. அளவு மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கேன். கையெழுத்துப் போடு.”

பிரித்துப் பார்க்காமல் போட்டேன்.

அப்பா தேறி நான் ஊர் திரும்பப் பல மாதங்கள் ஆகிவிட்டன; அதற்குள் கட்டடம் முடிந்து, வெள்ளமும் வந்திருந்தது. படிகள் இல்லை, நேராக ஒரு கான்கிரீட் சுவர். கூடத்தின் கீழ்த்தளத்தை அடைத்துக் கடைகள். மேற்கே ஓடை வழியாகத் தெருவுக்குள் புகுந்த தண்ணீர், வெளியேற வழியின்றி இடுப்பளவு நின்றிருக்கிறது. ஆட்கள் கடப்பாரையால் சுவரை உடைத்த பிறகே வடிந்திருக்கிறது. அக்கா நனைந்த தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி திரும்பிப் போவ வழி உண்டும்னு நீதானே மக்கா சொன்ன?”

நான் நேராக அலுவலகம் போனேன்.

“கடை வேணும்னு எல்லாரும் நெருக்குனாவ. கடைக்குள்ள ஆத்துத் தண்ணி ஏறாம இருக்கத்தான் சுவரு,” என்றான் நண்பன். “உனக்க கிட்ட சொன்னா சம்மதிச்சிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

கையெழுத்து என்னுடையது, பார்க்காமல் போட்டேன் என்று நகராட்சிக்கு எழுதிக்கொடுத்தேன். கூட்டு அலுவலகத்திலிருந்து விலகினேன். இரண்டு கடைகளை இடித்து, சுவரில் மதகு வைத்தார்கள். அவன் பலமுறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. எடுத்தால் மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.