குப்பாயி யாருடைய பெயர்?

திருப்பூரில் பிராண்டு பெயருக்குச் சண்டை என்றால் வக்கீல் அன்புசெல்வியிடம் போகச் சொல்வார்கள். பதினான்கு வருடமாக டிரேட்மார்க் வேலை மட்டும் பார்ப்பவர். ஆபீசில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை, வீரபாண்டி ஊர் வேலாத்தாளின் வழக்கு வரும்வரை.

வேலாத்தாள் பத்து மெஷின் போட்டுக் குழந்தைகளுக்கு ஜட்டி, பனியன் தைப்பவர். பிராண்டு பெயர் 'குப்பாயி'. அது அவருடைய அம்மாவின் பெயர். மூத்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், மூன்றாவதைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர். 2012இல் அந்த லேபிளைப் பார்த்துச் சிரித்த கடைக்காரர்களே பிறகு பெயர் சொல்லிப் பெட்டி பெட்டியாகக் கேட்டார்கள்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி மகுடேஸ்வரன் அனுப்பியது. 'குப்பாயி' 2009 முதல் தங்கள் பிராண்டு, பதிவுக்கு மனு போட்டாயிற்று, உடனே நிறுத்தவும்.

"ஏனுங்க மேடம், எங்கம்மா பேர நான் வெக்கக்கூடாதுங்களாமா?" என்றார் வேலாத்தாள்.

அன்புசெல்வி அந்த மனுவை எதிர்த்து ஆட்சேபம் போட்டார். மறுவாரமே மகுடேஸ்வரன் நேரில் வந்தார்.

"எங்ககிட்ட தைச்ச துணியில நூல் பிசிறு வெட்டீட்டிருந்ததுங்க அது. அதுக்கெதுக்குங்க பிராண்டு? வேற பேரு வெச்சுக்கட்டும். எங்களுக்குத் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் வேணும்னா நானே தர்றேன்."

"அது இல்லீங்க, அவங்க!" என்று அன்புசெல்வி போட்ட சத்தத்தில் ஜூனியர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "கெளம்புங்க."

மகுடேஸ்வரன் தரப்பு பழைய பில்களைச் சத்தியப் பிரமாணத்தோடு தாக்கல் செய்தது. அன்புசெல்வி ஒவ்வொன்றாகப் படித்தார். 2009ஆம் வருடத்து பில்லின் தலைப்பில் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி வந்ததே 2017இல். கள்ள பில்லை ஒழுங்காகத் தயாரிக்கும் மரியாதைகூடக் காட்டவில்லை. பிசிறு வெட்டியவளுக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அன்புசெல்வி அந்த எண்ணை அழுத்தி வட்டமிட்டார்.

டிரேட்மார்க் அலுவலகத்தின் வீடியோ விசாரணையில் அந்த எண்ணைப் படித்துக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல், "டைப்பிங் மிஸ்டேக்" என்றார். மகுடேஸ்வரனின் மனு தள்ளுபடியானது. ஆனால் பொய் ஆவணத்துக்கு என்ன தண்டனை என்று கேட்டபோது, "அதுக்கு வேற இடம் பாருங்க மேடம்" என்று அதிகாரி அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்.

இருபது நாளில் மகுடேஸ்வரன் மனைவியின் பெயரில் புது மனு போட்டார். இம்முறை பிராண்டு 'குப்பாயீ'.

"ஒரு எழுத்த நீட்டுனா ஆச்சுங்களா?" என்று வேலாத்தாள் அழுதார்.

"ஆகாதுங்க. வாங்க, அந்தக் கள்ள பில்ல எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போலாம்."

இரண்டு நாள் "இது சிவில் மேட்டருங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள், புகார் ரசீது கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்று அன்புசெல்வி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் ரசீது கிடைத்தது. ஆபீசுக்குத் திரும்பியதும் புது மனுவுக்கான ஆட்சேபத்தை டைப் செய்ய ஆரம்பித்தார்.