கடைசி இருக்கைக்காரர்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். நகுலேஸ்வரனுக்கு இது நடந்தது இத்தாலியின் பலெர்மோவில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று சொன்னவன் மத்தியானம் தூங்குகிறவனாக இருப்பான்.

நகுலேஸ்வரன் துப்புரவு செய்த விமானம் ரஷ்யாக்காரர் செய்தது. சின்னது. மூக்கில் ஒற்றை விசிறி, உள்ளே ஆறு இருக்கை, டாக்ஸி போல வாடகைக்குப் பறக்கும். மூன்று மணிக்கு ஐந்து பேர் வருவார்கள். அதற்குள் பளிச்சென்று இருந்தால் நிரந்தர வேலை என்று விமானி மார்க்கோ சொல்லியிருந்தார். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள். பெர்மெசோ இல்லாவிட்டால் இத்தாலியே இல்லை.

துடைத்த இருக்கையில் பெல்ட்டைக் குறுக்காக மடித்து வைப்பது முறை. ஐந்தில் வைத்தான். ஆறாவதிலும் வைத்தான்.

டிக்.

திரும்பினால் கடைசி பெல்ட் பூட்டிக் கிடந்தது. அவிழ்த்தான். டிக். மறுபடி அவிழ்த்தான். டிக்.

"பீலிக்ஸ்! விளையாடுறியோ?"

கூட வேலை செய்யும் பீலிக்ஸ் வெளியே சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தான். "எனக்கென்ன விசரே அண்ணை? நான் இஞ்சை கிறீசுக்குள்ளை கிடக்கிறன்."

மணி இரண்டு இருபது. பெல்ட் இப்போது காற்றில் நின்றது... ஒரு தொந்தியைச் சுற்றி நிற்பதுபோல.

நகுலேஸ்வரனுக்குப் பயத்தை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

"ஐயா, உங்களைக் கும்பிட்டன். ஆக்கள் வரப்போகினம். என்ரை பிழைப்பிலை மண் போடாமல் இறங்குங்கோ!"

டிக்.

பெல்ட் விழுந்தது. மெத்தை மெல்ல உப்பியது. படி ஒருமுறை முனகியது...

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வாய், வாசலைத் தாண்டுகிற ஆளை வெறுமனே "போங்கோ" என்று அனுப்புமா?

"போட்டு வாங்கோ ஐயா." போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லிவிட்டான்.

விமானம் நேரத்துக்குப் பறந்தது. ஐந்து பேரையும் இறக்கிவிட்டு மாலையில் காலியாகத் திரும்பவேண்டியது. மார்க்கோ சிரித்தபடி ஒப்பந்தத்தை நீட்டினார்.

"இதில் எழுத உன் முகவரியைக் கேட்கவேண்டிய தேவைகூட வரவில்லை."

"ஏன்?"

"கடைசி இருக்கையில் என்னோடு திரும்பி வந்த பெரியவர் சொன்னார். கால்சாப் பகுதி, நாலாம் மாடி. உன் உறவாமே? இறங்கி நேரே உன் வீட்டுக்குப் போய்விட்டார்."

நகுலேஸ்வரன் மனைவியைப் போனில் அழைத்தான்.

"ஜெனனி... ஆராவது வந்தவையோ?"

"ஓமப்பா, இருக்கிறார். நீங்கள்தான் வரச்சொன்னதாம். தேத்தண்ணி குடுத்தனான்."

அவள் வாசல் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது.

"பொறுங்கோ அப்பா... நான் கதவே திறக்கேல்லையே."