இரண்டாவது மடிக்கணினி

ஆரியசாலையில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த கோமதிநாயகத்துக்கு வெற்றிலை, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று: லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தின் இன்னும் வெளியாகாத பதிப்பு. ஊர் உலகத்தில் யார் யாரோ தட்டிக் கொட்டிக்கொண்டிருக்கும் அந்த அரைவேக்காட்டைத்தான் தன் மடிக்கணினியில் ஓட்டுவார். தினமும் குளித்துத் திருநீறு பூசி, காப்பிக்கு முன்னால், புதிதாக வந்ததையெல்லாம் இறக்கி ஏற்றுவார். ஒரு நாள் ஒலி போகும். ஒரு நாள் விசைப்பலகை மக்கர் பண்ணும். உடனே பழுதறிக்கை எழுதி அனுப்புவார். எதுவும் கெடாத நாளில் மனிதர் முகம் வாடிக் கிடக்கும்.

மனைவி பகவதியின் மடிக்கணினியிலும் அதையே போட்டுக் கொடுத்திருந்தார். கல்யாணமான புதிதில் விவரம் தெரியாமல் அவளும் தலையாட்டிவிட்டாள்.

2005-இல் பகவதிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு வந்தது. வித்துரா தாண்டி மலையேறி, நாலு வருஷம் அட்டைக்கடி பட்டு, பெரணிச் செடிகளைப் பற்றிச் செய்த ஆய்வு. காட்டவேண்டிய படங்கள் அவள் கணினியில் இருந்தன. கல்லூரிக் கணினிகளோ அந்தக் கோப்பைத் திறக்கவே மறுத்தன. “பத்மநாபசாமி மேல சத்தியமா உன் மிஷின்ல கை வைக்க மாட்டேன்” என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார் கோமதிநாயகம்.

தேர்வன்று காலை தன்னுடையதை மட்டும்தான் புதுப்பித்தார். சத்தியத்தில் அதற்குத் தடையில்லை. மறுபடி தொடங்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன. படமோ ஜன்னலோ ஒன்றும் திறக்கவில்லை. அந்த எழுத்துத் திரையிலேயே உற்சாகமாகப் பழுதறிக்கை எழுத உட்கார்ந்தார். அதில் ஒரு கேள்வி: வேறு கணினியிலும் இப்படி ஆகிறதா?

தெரியாது என்று எழுதியிருக்கலாம். ஆனால் அவர் அறிக்கை எதிலும் அப்படி ஒரு சொல் இருந்ததில்லை. மேசைமேல் அவளுடையது சும்மா இருந்தது.

அதையும் புதுப்பித்தார். கால் மணி நேரத்தில் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆகிறது. அதையும் எழுதி அனுப்பிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வு பதினொரு மணிக்கு.

ஈரத்தலையோடு வந்த பகவதி இரண்டு திரைகளையும் பார்த்தாள்.

“ரெண்டும் போச்சா அத்தான்?”

அவள் அலமாரியைத் திறந்து ஒரு அட்டை உறையை எடுத்தாள். நாற்பது கண்ணாடித் தாள்கள், விளக்குப் பெட்டியில் வைத்துச் சுவரில் காட்டுகிற பழைய வகை. ஒவ்வொன்றிலும் கையால் வரைந்த பெரணி. ஓரத்தில் தேதி: அவர் சத்தியம் செய்த நாள் தொடங்கி வரிசையாக.

“நீங்க சத்தியம் பண்ணினியல்லா, அன்னைக்கே வரைய உக்காந்தாச்சு. எனக்கு உங்களத் தெரியும், கேட்டியளா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தேர்வுக்கூடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பட்டம் உறுதியாகி வீடு திரும்பினால், எந்த நாட்டுக்காரரோ ஒருவரின் பதில் காத்திருந்தது. பழுது சரியாகிவிட்டது, இரண்டு கணினியில் சோதித்துச் சொன்னதற்கு மிக்க நன்றி. பெருமை தாங்காமல் பகவதியிடம் காட்டிவிட்டார்.

படித்தாள். “நல்லது. ரெண்டாவது மிஷின் யாருக்கதுன்னு எழுதலியே?”

மறுநாளே அவள் கணினியில், எல்லாரும் பயன்படுத்துகிற பழைய நிலையான பதிப்பை ஏற்றிக் கொடுத்தார். இனி எந்தக் காலத்திலும் அதைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். பகவதி சரி என்றாள். கடைக்குப் போய் இன்னும் நாற்பது கண்ணாடித் தாள் வாங்கி வந்தாள்.