நான் படிக்க வைக்கும் பிள்ளையைத் தேடிப் போடிமெட்டுக்கு

சிங்கப்பூரில் ஒரு வங்கியில், மோசடிப் பணப் பரிமாற்றங்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போவதில்லை. போடிநாயக்கனூரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் விடுதிச் செலவுக்கும் ஐந்து வருடமாகப் பணம் அனுப்பி வருகிறேன். அப்படி ஒரு பிள்ளை உண்மையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வரத்தான் இந்த ஆகஸ்டில் கிளம்பினேன். இப்படி வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் நேரில் போக நினைத்தால், முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

அவளை இங்கே மீனா என்று சொல்கிறேன், நிஜப் பெயர் வேறு. பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. வருடம் ஒருமுறை விடுதியை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து அவள் படமும், உயரம், எடை, மதிப்பெண் எழுதிய ஒரு பக்க அறிக்கையும் வரும். இதுவரை ஒரு தடவைகூட நாங்கள் பேசியதில்லை.

மதுரைக்கு நேரடி விமானம். ஆரப்பாளையத்தில் போடி பஸ் ஏறினேன், தொண்ணூற்றைந்து ரூபாய், இரண்டரை மணி நேரம். தேனி தாண்டியதும் எதிரே மலை வந்துவிடுகிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை ஆயிரத்து இருநூறு. சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் விடுதிக்குப் போனேன். வருகிறேன் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன், அதுதான் நான் செய்த முதல் தப்பு. பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். விடுதி மேலாளர், ஐம்பது வயதிருக்கும், புதுப் பாவாடையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண்ணை என் முன்னால் நிறுத்தி, “இதான் மேடம் நம்ம மீனா” என்றார். எனக்கு வந்த எல்லாப் படத்திலும் மீனாவுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. இந்தப் பிள்ளைக்கு இல்லை. கேட்டேன்.

“வளர வளர மறைஞ்சிருச்சு மேடம்” என்றார் மேலாளர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அம்மா பெயர் என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் மேலாளரைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளைக் கேட்க எனக்கு மனமில்லை, பாவம், அவள் என்ன செய்வாள்? கை கழுவுகிற சாக்கில் சமையற்கட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் மீனாவைப் பற்றி விசாரித்தேன்.

“மீனாவையா? அவுக ஆத்தா நேத்தே வந்து கூட்டிட்டுப் போயிருச்சே. நீங்க வர்றீகன்னு சொன்னதுந்தான் போச்சு” என்றார். எந்தத் தோட்டம் என்றும் அவரே சொன்னார்.

இரவெல்லாம் ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பணத்துக்காக மட்டுமில்லை. என் பணத்தில் படிப்பதாகச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையைத் தோட்டத்தில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் பிடித்தேன். போய்வர இரண்டாயிரத்து எண்ணூறு. டிரைவர் பாண்டி மூவாயிரத்தைந்நூறில் ஆரம்பித்தார், விடாதீர்கள். போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டு கேளுங்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“உடம்புக்கு முடியலைன்னாலும் போய்த்தான் ஆகணும்க்கா” என்றார் பாண்டி. “சீசனுக்கு முன்னாடியே ஏஜென்டுகிட்ட முன்பணம் வாங்கிருப்பாக. வாங்கிட்டா அவரு சொல்ற தோட்டத்துக்குத்தான் போகணும். வரலேன்னா வீட்டு வாசல்ல ஜீப்பக் கொண்டாந்து நிப்பாட்டிருவாரு.”

சோதனைச்சாவடி தாண்டி ஆறு கிலோமீட்டர் தார் ரோடு, பிறகு இரண்டு கிலோமீட்டர் சேறு. வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீடும் பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் புகை. வாசலில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு. கதவைப் பாதி திறந்து ஒரு பெண் நின்றாள். விரல்களெல்லாம் ஏலக்காய்க் கறை.

நான் யார் என்று சொன்னேன். கதவைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

“அவ இங்க இல்ல.”

“விடுதியிலயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப அஞ்சு வருஷமா நான் யாருக்குப் பணம் அனுப்புறேன்?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“அதைத்தான் நானும் கேக்குறேன்” என்றாள். “முன்பணம் வாங்குனா என்னா ஆகும்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு வருசமாக் குடுத்துட்டு ஒண்ணுமே கேக்காம இருக்கீக. யாரு அப்பிடிக் குடுப்பா? வருசா வருசம் எம்புள்ளைய நிக்க வச்சு உசரம் அளக்குறாக, எடை போடுறாக, போட்டோப் புடிச்சு உங்களுக்கு அனுப்புறாக. இப்ப நேர்லயே வந்துட்டீக. வீட்டு வேலைக்கு வைக்கவா, இல்ல ஒரேயடியாக் கொண்டு போகவா?”

தூக்கி வந்த பையை வாசலில் இறக்கி வைத்தேன்.

“உங்களுக்கு எத்தன புள்ளைக?”

“இல்லை.”

“அப்பச் சரி” என்றாள், எல்லாம் விளங்கிவிட்டவளாக.

கோபம் வந்தது. எட்டு கிலோ பிஸ்கட்டும் உடுப்பும் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பிள்ளை பிடிக்கிறவள் என்கிறாளே! ஆனால் என் அலுவலகத்தில், சம்பந்தமே இல்லாத ஒருவர் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காக மாதா மாதம் பணம் அனுப்பி, படமும் அளவும் வாங்கிக்கொள்கிறார் என்று தெரிந்தால் நானே முதல் ஆளாக அதை நிறுத்தி விசாரித்திருப்பேன். அவளுக்காக விசாரிக்க யாரும் இல்லாததால் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள். அதுவுமில்லாமல் அந்தப் படங்களை என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடம் “நம்ம பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சந்தேகப்பட்டதில் பாதி உண்மைதானோ என்று நெஞ்சு உறுத்தியது.

“திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“நீங்க ஊர்ல இருக்குற வரைக்கும் அனுப்ப மாட்டேன். படிப்பே வேணாம், எங்கூடக் காய் எடுக்கட்டும்.”

உள்ளே தகர டப்பா ஏதோ விழுந்து உருண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

“நாளைக்கே போயிடுறேன்” என்றேன்.

“போனீகளான்னு நான் எப்பிடி நம்புறது?”

நியாயமான கேள்வி. பாண்டிதான் முன்னால் வந்தார். “நானே பஸ்சு ஏத்தி விட்டுட்டு ஒங்களுக்குப் போன் பண்றேன்க்கா. பஸ்சப் போட்டோவும் எடுத்து அனுப்புறேன், போதுமா?” அவள் அவர் நம்பரை வாங்கி, அங்கேயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். கொண்டுபோன பையை வாங்கவில்லை. அதை வாங்கினால் அதற்கும் ஒரு கணக்கு வரும் என்று நினைத்திருப்பாள்.

கீழே இறங்கியதும் மேலாளரை நன்றாகக் கேட்டேன். “பிள்ளை இல்லேன்னா பணத்த நிறுத்திருவீகன்னு பயந்துட்டேன் மேடம்” என்றார். அவரை இன்னும் நான் நம்பவில்லை. பள்ளிக் கட்டணத்தை இனி பள்ளிக்கே நேராகக் கட்டுகிறேன். உயரமும் எடையும் எனக்கு வேண்டாம், அந்த அறிக்கையை அம்மாவுக்குக் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து வருடத்தில் அந்த அம்மாவிடம் யாரும் இந்தப் பணம் எதற்கு, திருப்பிக் கேட்பார்களா என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. நானும் விளக்கச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூலை முதல் காய் எடுக்கும் காலம், பகலில் லயங்களில் ஆள் இருக்காது. மலையில் மழைக்கு உடை எடுத்துப் போங்கள். மேலே செல்போன் அங்கங்கேதான் எடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், விடுதியிடம் அல்ல, பெற்றவளிடம் கேட்டு, அவள் சரி என்றால் போங்கள். விடுதியைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. உங்களையும் ஒருத்தி சந்தேகப்படுவாள், அதிலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சொன்னபடி அவளுக்குப் படம் அனுப்பினார். விமான டிக்கெட்டை மாற்ற வழியில்லாததால் மதுரையில் தங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார்.

“வந்துட்டா மேடம். அவுக ஆத்தாவே ஜீப்புல கொண்டாந்து விட்டுச்சு. எம்பக்கத்துலதான் நிக்கிறா. போனக் குடுக்கட்டுமா?”

“அவங்க அம்மா எங்கே?”

“கேட்டுல நிக்கிது மேடம். என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு.”

“வேண்டாம் சார். வகுப்புக்கு அனுப்புங்க” என்று போனை வைத்துவிட்டேன். மீனாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.