நாலுதரம் வெளியிலை வந்த படம்

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான், உங்களுக்குத் தெரியும்தானே. இதை நீங்கள் நம்ப மாட்டியள். பரவாயில்லை, கேளுங்கோ. நடந்தது பட்டப்பகலிலை.

கொக்குவிலிலை இருந்து சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போறனான். தம்பி கனடாவிலை இருந்து ஒரு குட்டிப் பிரிண்டர் அனுப்பினவன். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான், கைப்பைக்குள்ளை வைக்கலாம், உள்ளுக்கை பற்றரி, கரண்ட் போனாலும் கவலையில்லை, போனிலை எடுத்த படத்தை வயர் இல்லாமல் அனுப்ப வேண்டியதுதான். அது படம் அடிக்கிற வடிவை நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்கலாம். ஒரே கடுதாசி நாலுதரம் உள்ளை போய் வெளியிலை வரும். முதல் மஞ்சள் மட்டும், ஆக்கள் நிழல் மாதிரித்தான் தெரிவினம். பிறகு சிவப்பு, முகம் வரும். பிறகு நீலம், அதோடை எல்லா நிறமும் சரியா விழுந்திடும். கடைசியா கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, தண்ணி பட்டாலும் அழியாது.

குருநகரிலை எனக்குத் தெரிஞ்ச மேரி அக்கான்ரை மகளுக்கு முதல் நன்மை, பிள்ளை கோயிலிலை முதன்முதல் நற்கருணை வாங்கிற நாள். அக்கான்ரை புருஷன் அன்ரன் எட்டு வருஷத்துக்கு முன்னம் கடலுக்குப் போனவர், வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. செத்த ஆக்களுக்குச் செய்யிற ஆத்தும பூசையை அவருக்குக் குடுக்க அவ ஒத்துக்கொள்ளவே இல்லை. எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசியிலை அடுத்த மாசம் எண்டு சுவாமியாரிட்டைச் சொல்லியாச்சு.

கோயிலாலை வந்த உடனை மகளையும் அவவையும் வாசலிலை நிக்க வைச்சு ஒரு படம் எடுத்தன். பிரிண்டரை மேசையிலை வைச்சு அனுப்ப, மேரி அக்காவும் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தவ.

மஞ்சள் வந்தது. ரெண்டு பேருக்குப் பின்னாலை இன்னொரு ஆள். மெஷினுக்கு என்னவோ பிழை எண்டுதான் நினைச்சன். சிவப்பு வந்தது, ஆம்பிளை முகம், பிள்ளையின்ரை தோளிலை கை. நீலம் வரேக்கை சட்டைப் பொத்தான் வரை தெளிவாத் தெரியுது.

"அவர்," எண்டா அக்கா.

நாலாந்தரம் உள்ளை போய் வந்த கடுதாசியிலை தாயும் மகளும் மட்டும்.

திருப்பித் திருப்பி அஞ்சு படம் அடிச்சன். ஒண்டிலும் இல்லை, போனிலும் இல்லை. வீட்டை வந்து மை நாடாவைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சன். அடிச்ச ஒவ்வொரு படமும் அதிலை நிறம் நிறமாப் பதிஞ்சு கிடக்கும், அப்பிடி ஒரு நுட்பமான சாமான். அதிலையும் ரெண்டு பேர்தான். மெஷினிலை ஒரு குறையும் சொல்லேலாது, இண்டைக்கும் அதைவிட வடிவா அடிக்கிற ஒண்டை நான் காணேல்லை.

ஒரு கிழமை கழிச்சு, பிறேம் போட்ட படத்தைக் குடுக்கப் போனன். பூசையை நிப்பாட்டிப்போட்டன் எண்டா அக்கா.

"ஏனக்கா?"

படத்தை வாங்கிச் சுவரோடை சாத்தி வைச்சா.

"போகேக்கை அவருக்கு முப்பத்திரண்டு வயசு, தலையிலை ஒரு நரை இல்லை. அண்டைக்கு நீரும் பாத்தனீர்தானே, காதுப்பக்கமெல்லாம் வெள்ளை. செத்த ஆக்களுக்கும் நரைக்குமோ, தங்கச்சி?"

அந்த நரையை நானும் கண்டனான்.