தெருச் செயின்

வருடத்தில் ஒரு மாதம் என் வாயில் நல்ல வார்த்தை வராது. அது போட்டோ மாதம். வீட்டில்கூட அந்த மாதம் என்னிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

பாகூருக்கும் கரையாம்புத்தூருக்கும் நடுவே சில கிராமங்களில் ஒரு சின்னத் திட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இங்கே ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பெடுத்துக்கொள்வார். ஸ்பான்சர் என்றால் எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். ஸ்பான்சர்கள் அனுப்பும் பணம் சென்னையிலுள்ள தலைமை அலுவலகம் வழியாக எங்களுக்கு வரும். அதில்தான் பள்ளிச் செலவு, மாலை டியூஷன், மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கு ஒரு தார்ப்பாய், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு எல்லாம் நடக்கும். பதிலுக்கு நாங்கள் வருடம் ஒருமுறை அந்தப் பிள்ளையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஸ்கூட்டரில் தெருத் தெருவாகப் போய் நானேதான் எடுப்பேன்.

எப்படி எடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து எழுதி அனுப்புவது நல்லபடியாகத்தான் இருக்கும். இயல்பான உடை, வீட்டுச் சூழல், கேமராவைப் பார்க்கும் முகம். போனில் சொல்வதுதான் வேறு. "மேடம், அலங்காரமெல்லாம் வேணாம். கொஞ்சம் நேச்சுரலா இருக்கட்டும்." இந்த நேச்சுரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முதல் வருடமே புரிந்துவிட்டது. தலை கலைந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்கக் கூடாது. பின்னால் கூரை சரிந்திருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பிள்ளைகள் அப்படி நிற்க மாட்டார்கள். கையில் போன் இருக்கிற பெண்கள் நாள் முழுக்க செல்ஃபி எடுக்கத்தான் செய்கிறார்கள். அதற்குப் பவுடர்கூட வேண்டாம். ஆனால் இன்னொருவர் வீட்டுக்குப் போகும் போட்டோ என்றால் கதையே வேறு. வேற்று மனிதர் வீட்டில் நம் பிள்ளையின் முகம் இருக்கப் போகிறது, அதை அழுக்காகவா அனுப்புவார்கள்? நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், காலையிலேயே தலைக்குக் குளிப்பாட்டி, பின்னி, கனகாம்பரம் வைத்து, பவுடரை அப்பி, பிள்ளைகளை உட்கார விடாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் துணி கசங்கிவிடுமாம்.

இது எனக்குப் புதிதில்லை. நான் வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் பங்கு ஒன்றில் பிறந்தவள். சின்ன வயதில் எனக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று எடுத்த படம் இன்றும் என் தம்பி வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. கவுன் என்னுடையது இல்லை. அடுத்த தெருவில் என்னைவிடப் பருமனான ஒரு பெண்ணுக்குத் தைத்தது. முதுகுப்பக்கம் ஊக்குகளைக் குத்தி அம்மா இறுக்கியிருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் வசதியானவர்கள் என்று யாரும் எங்கள் ரேஷன் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

கரையாம்புத்தூர் பக்கம் நான் போகும் தெருவொன்றில் கவுனுக்குப் பதிலாக ஒரு செயின் இருந்தது. தெருவில் பாதிப் பேர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், மீதிப் பேர் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருத்தி வில்லியனூர் தேருக்குப் போனபோது வாங்கிவந்த கவரிங் செயின் அது. நடுவில் மாங்காய் டாலர். அம்மன் படம் மாட்டிய ஆணியிலேயே அதுவும் தொங்கும். யார் வீட்டில் காதுகுத்து என்றாலும், யாரைப் பெண் பார்க்க வந்தாலும், பள்ளி ஆண்டு விழாவில் யார் ஆடினாலும் ஆணியிலிருந்து இறங்கிப் போய்விட்டு வரும். கவரிங் என்று தெருவுக்கே தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். அவர்கள் தெருவிலும் ஒன்று இருக்குமே. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்தச் செயின்காரியின் மகள் எங்கள் திட்டத்தில் இருந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பெண், அப்போது பிளஸ் டூவுக்கு வந்திருந்தாள். நர்சிங் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா கரும்பு லாரியில் ஏற்றுக்கூலி; ஆலை ஓடும் மாதங்களில்தான் அவருக்கு வேலை. ஸ்பான்சர் நின்றால் நர்சிங் இல்லை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனி வேனில் அவளை வேலைக்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். இது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருடம் நான் போனபோது அவள் மாம்பழ நிறத் தாவணியும் செயினுமாகத் தயாராக நின்றாள். வீட்டு வாசலில் எடுக்கலாம் என்றேன். அவள் அம்மா ஒப்பவில்லை.

"வூட்டாண்ட வேணாங்க்கா. பின்னால ஆட்டுக் கொட்டா தெரியும். வெளிநாட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? தோ, அந்தச் செவுத்தாண்ட எடுங்க."

தெருமுனையில் நிலக்காரர் ஒருவர் புது வீடு கட்டி, சுற்றுச்சுவருக்கு ரோஸ் நிறம் அடித்திருந்தார். தெருவில் அதைவிட நல்ல சுவர் இல்லை. தாவணிக்கு அது எடுப்பாகவும் இருந்தது. நிறுத்தினேன், எடுத்தேன், அனுப்பினேன். படம் நன்றாக வந்திருந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று இப்போதும் சொல்வேன்.

சில நாட்களில் சென்னையிலிருந்து போன் வந்தது. படங்களைச் சரிபார்க்கும் அதிகாரி.

"மேடம், இந்த ஃபேமிலி முன்னேறிடுச்சு போலிருக்கே. பெரிய வீடு, கழுத்துல செயின். இவங்களை எடுத்துட்டு வேற ஏழைக் குழந்தையைச் சேர்த்துடலாம்."

விளக்கினேன். சுவர் அவர்களுடையது இல்லை, செயின் தங்கம் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "அப்போ ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல போடுற துணியில, அந்தக் குடிசை முன்னாடி நிக்க வெச்சு எடுங்க. பூ வேணாம். அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கு அதில்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

போய்ச் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? அம்மாக்காரி உடனே ஒத்துக்கொண்டாள். "அதுக்கென்னக்கா, அழுக்குத் துணிக்கா பஞ்சம்?" என்று உள்ளே போய், களையெடுக்கப் போகும்போது நைட்டிக்கு மேல் மாட்டும் பழைய ஆம்பளைச் சட்டையைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். விடுமுறையில் அம்மாவோடு வயலுக்குப் போகும்போது மகளும் அதைத்தான் போடுவாள்.

மகள் வாங்கவில்லை. "இது வேலை செய்றப்ப போடுறது. போட்டோவுக்குப் போட மாட்டேன்."

"அடியே, உன் படிப்பு போயிடும்டி."

"போட மாட்டேம்மா."

"படிப்பு வேணுமா, மானம் வேணுமா? ஒண்ணு சொல்லு!"

"ரெண்டும் வேணும்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும், கோபம்தான் முதலில் வெளியே வரும். அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டேன். மறுபடி படம் எடுக்க முடியாது, அந்தப் பெண்ணைத் திட்டத்திலிருந்து எடுத்தால் என்னையும் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். என் ஒரு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் எங்களுடையது. வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் அங்கன்வாடியில் அம்மாக்கள் கூட்டம். நடந்ததைச் சொன்னேன். கவரிங்கைத் தங்கம் என்று நினைத்துவிட்டார்கள் என்றதும் ஒருத்தி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்துவிட்டன. அவள்தான் அடுத்ததையும் சொன்னாள்.

"ஒரு பொண்ணு கழுத்துல பாத்ததுக்கே பணக்காரின்றாங்களா? அப்பன்னா எல்லாப் புள்ளைங்க கழுத்துலயும் போட்டு எடுத்து அனுப்புவோம்க்கா. தெருவே பணக்காரத் தெருவா ஆவட்டும். யாரத்தான் எடுப்பாங்க பாப்போம்."

வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ள எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் கேமரா பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த ரோஸ் சுவர் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கழுத்திலிருந்து கழற்றி அடுத்தவர் கழுத்தில் மாட்டினோம். பாலர் வகுப்புக் குழந்தைக்கு டாலர் தொப்புளுக்குக் கீழே தொங்கியது. பையன்கள் பொம்பளைச் செயின் வேண்டாம் என்று ஓடினார்கள். அம்மாக்கள் துரத்திப் பிடித்து மாட்டினார்கள். கடைசியில் டாலர் முழுக்கப் பவுடர். சுவர்க்கார நிலக்காரர் வெளியே வந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓரமாக நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டி, "வண்டியும் வேணுமாம்மா?" என்று கேட்டார். அதிலும் ஒருவனை உட்கார வைத்து எடுத்தோம். அத்தனை படங்களையும் அனுப்பினேன்.

எதிர்பார்த்தபடியே அதிகாரி நேரில் வந்தார். கார் தெருவுக்குள் வராது என்று முனையிலேயே இறங்கி நடந்தார். ரோஸ் சுவரை நின்று பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டைப் பார்த்தார். குனிந்துதான் உள்ளே போக முடியும். ஆணியில் தொங்கிய செயினை அம்மாக்காரி எடுத்து அவர் கையில் வைத்தாள். ஓரங்களில் முலாம் போய்ச் செம்பு தெரிந்தது.

"எனக்குப் புரியுதும்மா" என்றார். "ஆனா அங்க பாக்கறவங்களுக்கு இது தெரியாதே. வசதியான குழந்தைன்னு நினைச்சா நிறுத்திடுவாங்க."

"தெரியாதவங்களுக்குச் சொல்றதுக்குத்தானே சார் நீங்களும் நானும் சம்பளம் வாங்குறோம்?" என்றேன். குரல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. வாசலில் தெருவே கூடி நின்றது.

 அவர் உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் திரும்பி, "நானே ஒரு போட்டோ எடுக்கிறேம்மா. சிம்பிளா" என்று போனை எடுத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "சார், உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?"

"இருக்காளே."

"அவங்க போட்டோ காட்டுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே தேடி எடுத்துக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பிறந்த நாள் போலிருக்கிறது. பட்டுப்பாவாடை, சடை நிறையப் பூ, கழுத்தில் செயின். ஏதோ ஒரு ஓட்டல் வாசலில், பெரிய விளக்குக்குக் கீழே நின்றிருந்தாள்.

"நல்லாருக்காங்க சார்" என்றாள் அவள். கிண்டல் துளியும் இல்லை. "அந்த ஓட்டலு உங்களுதா?"

"இல்லம்மா."

"அந்தச் செவுரும் எங்களுது இல்ல சார். எங்கம்மாவும் என்னை அழகாத்தான் நிக்க வெச்சாங்க."

அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். வெகுநேரம் செயினையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அம்மாக்காரி கொடுத்த காபியைக் குடித்தார். போகும்போது என்னிடம், "பழைய படமே போகட்டும் மேடம். சுவரைப் பத்தியும் செயினைப் பத்தியும் நீங்களே கீழே எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். திருத்தாமல் அனுப்பினார். ஸ்பான்சர் நிறுத்தவில்லை. மோட்டார் சைக்கிள் பையனுக்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள். அதையும் எழுதினேன்.

அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். எனக்குத்தான் சென்னையில் நல்ல பெயர் இல்லை. வாய்க்காரி என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். அடுத்த வருடத்துக் குறிப்பில் நகைகளைத் தவிர்க்கவும் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. நான் தவிர்க்கவில்லை.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு குறிப்பு வந்தது. இணையதளத்தில் போடுவதற்கு ஊழியர்கள் எல்லோருடைய படமும் வேண்டுமாம். நல்ல உடை, பளிச்சென்ற முகம், பின்னணி அழகாக இருக்கட்டும். எங்களுக்கு நேச்சுரல் வேண்டாம் போலிருக்கிறது. திரும்ப ஒருமுறை படித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

"இன்னாக்கா, இந்த நேரத்துல?" என்றாள் அம்மாக்காரி.

"செயினை எடு."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். போட்டோ எடுக்கணும்."

அவளே என் கழுத்தில் மாட்டி, டாலரை நடுவில் இழுத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு முழம் கனகாம்பரமும் கொண்டுவந்து வைத்தாள். ரோஸ் சாயம் இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் தெருவில் அதுதான் நல்ல சுவர். லீவுக்கு வந்திருந்த மகள் என் போனை வாங்கிக்கொண்டு எதிரே நின்றாள்.

"மிஸ், கொஞ்சம் நேச்சுரலா நில்லுங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து நின்றேன்.