திருப்பத்தில் நிற்பேன் என்றான்

டார்லா ஹஃப்டன் நாற்பத்தாறு வயதில் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினமும் நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு பொரித்துப் போடுகிறவளுக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்டார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. அவளுக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

காரணம் ராய்ஸ். இருபத்துநாலு வருடம் கூட வாழ்ந்த புருஷன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் தோல் சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு கூட்டாளிகளோடு ஓசார்க் மலைச்சாலைகளுக்குக் கிளம்பிவிடுவான். சாயங்காலம் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் அசையமாட்டான். மகள் கல்யாணமாகி டல்சாவுக்குப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்ததே அந்த மலைச்சாலைகளைப் பற்றித்தான். எந்த வளைவில் சரளைக்கல் கிடந்தது, யார் முந்தினார்கள் என்று போனில் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்வான். அவன் எங்கே பேசுகிறானோ அங்கே நானும் போய்விட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பாவம், அவ்வளவுதான் கணக்கு.

கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் மட்டும் பதினோரு தடவை எஞ்சின் நின்றுபோனது. ஆரஞ்சு நிறக் கூம்புகளில் பாதியைச் சாய்த்தாள். இரண்டாம் நாள் எட்டுப் போட்டுக் காட்டித் தேறிவிட்டாள். அதன் பிறகுதான் வண்டி தேடும் படலம்.

கடைக்கு ராய்ஸும் வந்தான். நேராக அறுநூறு சிசி வண்டி ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டான்.

"இத வாங்கு. அப்பத்தான் எங்ககூட வர முடியும்."

டார்லா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. லேசாகச் சாய்த்தாள். வண்டி மொத்தமும் தொடைமேல் வந்து விழப் பார்த்தது. கடைக்காரப் பையன் டெவின் ஓடிவந்து பிடித்தான்.

"இது தொட்டாலே பாயும், மேடம். முதல் வண்டிக்கு வேணாம். கீழ போடத்தான் முதல் வண்டி. பழசா, சின்னதா பாருங்க."

அவன் காட்டிய வண்டி தாழ்வான இருக்கையும் அகலமான கைப்பிடியும் கொண்டது. சோபாவில் உட்கார்ந்த மாதிரி சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் சுவரோரம் போய்விட்டது. அங்கே ஒரு முந்நூறு சிசி பந்தய ரக வண்டி நின்றது. நீல நிறம், கூர்மூக்கு. யாரோ முன்பே கீழே போட்டு வலதுபுறம் உள்ளங்கை அகலத்துக்குக் கீறியிருந்தார்கள். ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முன்னால் குனிந்து கைப்பிடியைப் பிடித்தபோது, ராய்ஸ் எப்படி உட்காருவானோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். டெவின் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். எஞ்சின் கீச்சென்று சிணுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவள் வாழ்நாளில் எதையும் வாங்கியதில்லை. இதை வாங்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். "தையல் மெஷின் சத்தம் போடுது. மேட்டுல இது மூச்சு வாங்கும் டார்லா. ரெண்டே மாசத்துல உனக்குச் சலிச்சுப்போகும்."

"எனக்கு வேகம் வேணாம் ராய்ஸ். நீங்க முன்னாடி போனாலும் திருப்பத்துல நிப்பீங்கல்ல?"

ராய்ஸின் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வேகத்தில் போகலாம், யாரும் யாருக்காகவும் மெதுவாகப் போக வேண்டாம். ஆனால் சாலை பிரியும் இடத்தில், உனக்குப் பின்னால் வருகிறவன் கண்ணில் படும்வரை நீ நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் திருப்பத்தில் யாரையும் காணாவிட்டால், தானாக ஒரு பக்கம் திரும்பக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். ஆள் திரும்பி வரும்.

"நிப்பேன்," என்றான் ராய்ஸ். "பொண்டாட்டிக்கு நிக்காம வேற யாருக்கு நிக்கப்போறேன்?"

கடைக்காரப் பையனை வைத்துக்கொண்டு ராய்ஸ் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் சின்ன வண்டியை வாங்கினாள். இதை மறந்துவிடக் கூடாது.

முதல் சில ஞாயிறுகள் அவளுக்குத் திருவிழா. மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் ராய்ஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அவள் வரும் வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தன்னை அப்படித் தேடிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவள் நினைத்துக்கொள்வாள். அடுத்த திருப்பம் எப்போது வரும் என்று ஆசையாக இருக்கும். பிறகு அவன் எஞ்சினை அணைக்காமல் நிற்க ஆரம்பித்தான். அதற்கும் பிறகு, அவள் விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே கிளம்பிவிடுவான், முதுகு மட்டும் தெரியும். அது போதும் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்று. வழக்கமாகக் கடைசியில் வருகிறவர் டெல்பர்ட், எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்று ராய்ஸ் அவரிடம், "நீங்க முன்னாடி போங்க, என் ஆளை நான் பாத்துக்கறேன்," என்றான். டார்லாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

பத்தரை மணிக்கு, ஒரு மேய்ச்சல் நிலத்து வேலியோரம் சாலை இரண்டாகப் பிரிந்தது. யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஊர் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போனில் சிக்னலும் இல்லை. வழக்கம் தெரிந்தவள்தானே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றாள்.

முதலில், சர்ச் முடிந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் காரை நிறுத்திக் கேட்டாள். "ஏதாச்சும் உதவி வேணுமாம்மா?"

"வேணாங்க. என் வீட்டுக்காரர் இப்ப வந்துருவார்," என்று சிரித்தபடி சொன்னாள் டார்லா.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு விவசாயி டிரக்கை நிறுத்திக் கேட்டபோதும் அதையே சொன்னாள். அவர் போன பிறகு அவள் மனதில் வேறு பயம் புகுந்தது. எங்காவது விழுந்து கிடக்கிறானோ? கடவுளே, அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டாள். மாடுகள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்றேகால் மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. டெல்பர்ட்.

"ராய்ஸுக்கு என்னாச்சு?" என்று ஓடினாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருக்கான்." அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்க நேரா சாப்பாட்டுக் கடைக்குப் போயிட்டோம். அவன் கடைசியா வந்தான். நீ பின்னாடியே வர்றேன்னு நெனச்சேன். மீன் வறுவல் வந்துச்சு, சாப்ட்டோம். அப்புறம்தான் பக்கத்து நாற்காலி காலியா இருக்கறதப் பாத்து, டார்லா எங்கடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

டெல்பர்ட் ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்தார்.

"அட, ஆமாம்ல-ன்னான்."

"அவர் ஏன் வரல?"

"கடைசியா இனிப்பு ஆர்டர் பண்ணியிருந்தான். சாப்ட்டுட்டுப் போறேன்னான். நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

அவன் வேறு எவளையாவது தேடிப் போயிருந்தால்கூட அவள் திட்டித் தீர்த்திருப்பாள். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? அவன் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை, மறந்துபோயிருந்தான். இரண்டே முக்கால் மணி நேரம் காத்து நின்று அவன் உயிருக்காக அவள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் எலுமிச்சம்பழம் பிழிந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கடைக்குப் போலாமா, வீட்டுக்கா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"வீட்டுக்கு. நீங்க முன்னாடி போங்க. எனக்கு மெதுவாத்தான் வரமுடியும்."

"நீ மெதுவா வா. எனக்கென்ன அவசரம்?"

வீட்டுக்குப் போகும் வழியில் ஏழு பிரிவுகள். ஏழிலும் அந்த மனிதர் எஞ்சினை அணைத்து, ஒரு காலை ஊன்றி, திரும்பிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து தலையாட்டிய பிறகுதான் கிளம்பினார். ஒவ்வொரு தடவையும் டார்லா ஹெல்மெட்டுக்குள் தேம்பித் தேம்பி அழுதாள். நிற்பது இவ்வளவு சின்ன வேலையா என்றுதான் அழுதாள்.